சித்தப்பாவின் முந்திரியும் ஒரு லினக்ஸ் சர்வரும்

சித்தப்பா அனுப்பிய ஜிப் கோப்பைத் திறந்தபோது இரவு பதினொன்றரை மணி. உள்ளே படங்கள் நிறைந்த ஒரு கோப்புறையும் தரவுத்தளத்தின் நகலான ஒரு பெரிய எஸ்கியூஎல் கோப்பும் இருந்தன. எஸ்கியூஎல் கோப்பைத்தான் முதலில் திறந்தேன். 18 ஆண்டுகளாக அவர் தன் வலைத்தளத்தில் எழுதியதெல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், பணக்குறி மாதிரி ஏதோ ஒன்று, மறுபடி சாய்கோடு போட்ட ஏ. ஆயிரக்கணக்கான வரிகள் இப்படியே ஓடின.

காலையில் அவரே போன் செய்தார்.

“தம்பி, எழுத்தெல்லாம் போயிருச்சா?”

“இல்ல சித்தப்பா, எல்லாம் இருக்கு. கலஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். அடுக்கணும்.”

தைரியமாகச் சொல்லிவிட்டேன். எப்படி அடுக்குவது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளை. வீட்டுப் பரணில் கிடந்த கணக்குச் சுவடிகளைப் படித்துப் படித்து, டெல்டாவின் பழைய அளவைகளைப் பற்றி 2006இல் எழுத ஆரம்பித்தார். வேலி, மா, குழி. கலம், மரக்கால், உழக்கு. ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. எங்கள் பக்கம் இன்றைக்கும் “மூணு மா நெலம்” என்றுதான் சொல்வார்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்பதைச் சித்தப்பா எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். அவர் தளத்துக்கு இணையத்தில் இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் கடையைக் கட்டியது. அறிவிப்பு வந்த மின்னஞ்சலை அவர் பார்க்கவில்லை. கெஞ்சிக் கேட்டபின் கிடைத்தது அந்த ஜிப் மட்டும்தான். மூல சர்வர் போய்விட்டது. திரும்பிப் போய் வேறு விதமாக எடுத்துவர வழியில்லை.

ஆகவே ஒரு புதிய இடம் வேண்டும், அதுவும் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் நமக்கென்று ஒரு தனி சர்வர், வாடகைக்கு எடுத்தேன். 1 ஜிபி நினைவகம், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். அதில் அப்பாச்சி, பிஎச்பி 8.3, மரியாடிபி, எல்லாவற்றுக்கும் மேலே வேர்ட்பிரஸ்.

இந்த அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று சித்தப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. தன் எழுத்து எங்கே குடியிருக்கப்போகிறது என்று தெரியாமல் அவர் சம்மதிக்கமாட்டார். வாசலில் நின்று வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பது அப்பாச்சி. கேட்டதை உள்ளே போய் எடுத்து, பக்கமாகக் கட்டித் தருவது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ். எழுத்து அத்தனையும் அடுக்கி வைத்திருக்கும் பத்தாயம் தரவுத்தளம். மைஎஸ்கியூஎல் என்ற பழைய தரவுத்தளத்தை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ், மகள் மை பெயரைத்தான் அதற்கு வைத்தார். அதிலிருந்து 2009இல் பிரித்தெடுத்ததற்கு இளைய மகள் மரியா பெயரை வைத்தார் என்று சொன்னதும் சித்தப்பா குரல் மாறியது. “பொண்ணு பேரா? அப்ப நல்லாத்தான் பாத்துக்குவாங்க. அதுலயே போடு.”

வேர்ட்பிரஸ்ஸை ஐந்து நிமிடத்தில் நிறுவலாம் என்று அதன் தளத்திலேயே வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அது உண்மைதான். தொகுப்புகளை இறக்கினேன், ஒரு தரவுத்தளமும் அதற்கு ஒரு பயனரும் உண்டாக்கினேன், வேர்ட்பிரஸ்ஸைப் பிரித்து வைத்தேன், அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லை எழுதினேன், உலாவியில் தளத்தின் பெயரைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவராக இருந்தால், புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால், வேலை அதோடு முடிந்திருக்கும். 18 வருடத் தமிழை அதில் குடியேற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதலில் கோப்புகளின் அனுமதி. இதில் நான் பிடிவாதக்காரன், காரணம் சொல்கிறேன். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு உடைமையாளர், ஒரு குழு, அப்புறம் மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று பேருக்கு மூன்று எண். 755 என்றால் உடைமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர்கள் எழுத முடியாது. உபுண்டுவில் அப்பாச்சியும் பிஎச்பியும் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா’ என்ற பயனராக ஓடுகின்றன. படம் ஏற்ற முடியவில்லை என்று பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தக் கோப்புறை அந்தப் பயனருக்குச் சொந்தமாக இல்லை. அப்போது தேடினால் கிடைக்கும் யோசனைகளில் பாதி, 777 என்று வைத்துவிடு என்று சொல்லும். வைத்தால் பிழை உடனே மறையும். கூடவே, அந்த சர்வரில் எந்த மூலையில் எந்த நிரல் ஓடினாலும் அது நம் கோப்புறைக்குள் எழுதலாம் என்றும் ஆகிவிடும்.

சித்தப்பாவின் பழைய படக் கோப்புறையை அலசியபோது, 2011 என்ற துணைக் கோப்புறையில் ஜேபெக் படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி கோப்பு இருந்தது. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடம் அது. திறந்து பார்த்தால் படிக்க முடியாதபடி சுருட்டி எழுதிய நிரல். எப்போதோ யாரோ உள்ளே புகுந்து விட்டுப்போனது. எத்தனை வருடம் அந்தத் தளத்திலிருந்து என்னென்ன போனதோ. அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு பழைய ஜிப்பிலிருந்து நிரல் ஒரு வரிகூட எடுக்கவில்லை. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் எல்லாம் புதிதாக இறக்கியவை. படங்களை மட்டும், அதுவும் ஒவ்வொன்றும் உண்மையிலேயே படம்தானா என்று சோதித்து எடுத்துக்கொண்டேன். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்புக்கு 640. படக் கோப்புறைக்குள் பிஎச்பி ஓடவே கூடாது என்று அப்பாச்சியிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன்.

இனி எழுத்து.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் எண் உண்டு. க என்பது 2965. அதைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாக, அதாவது 0 முதல் 255 வரையான மூன்று சிறு எண்களாக, உடைக்கிறார்கள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. த என்றால் 224, 174, 164. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு எழுத்தாகப் படித்தால் த. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 அட்டவணையில், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படித்தால், சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு பணக்குறி. நான் அந்த இரவில் பார்த்தது இதைத்தான். 

2006இல் சித்தப்பாவின் தளம் தொடங்கியபோது மைஎஸ்கியூஎல்லின் இயல்பான எழுத்து அட்டவணை லத்தீன்1. வேர்ட்பிரஸ் அந்த நாளில் எந்த அட்டவணை என்று தரவுத்தளத்திடம் சொல்லாது. தமிழ்ப் பைட்டுகளைக் கொடுத்தது. தரவுத்தளம் அவற்றை லத்தீன்1 என்று நம்பி வாங்கி வைத்தது. கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. 18 வருடம் யாருக்கும் தெரியாது. கடைசியில் நிறுவனம் தரவுத்தளத்தை யுடிஎஃப்-8 கோப்பாக இறக்கியபோது, ஏற்கெனவே யுடிஎஃப்-8ஆக இருந்ததை இன்னொரு தடவை மாற்றிவிட்டார்கள். இரண்டு முறை அவித்த நெல் மாதிரி.

இரட்டை மாற்றம் என்று புரிந்ததும், ஒரு முறை பின்னோக்கி மாற்றினால் போதும் என்று தோன்றியது. அதற்கு ஐகான்வ் என்ற கட்டளை இருக்கிறது. லத்தீன்1 என்று மைஎஸ்கியூஎல் சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 என்ற அட்டவணை. அதைக் குறிப்பிட்டு ஓட்டினேன். உடனே நின்றது. இத்தனையாவது இடத்தில் மாற்ற முடியாத எழுத்து என்று ஒரு எண் வந்தது. அந்த இடத்தை எண்ணிப் போய்ப் பார்த்தேன். தளத்தின் பெயரில் இருந்த ‘தமிழ்’ என்ற சொல். த வந்துவிட்டது, மி வந்துவிட்டது, ழ வந்துவிட்டது. ழகரத்தின் மேல் இருக்கும் புள்ளியில் நின்றுவிட்டது.

புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் மொத்தம் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அந்த எண்களுக்கு எழுத்தே இல்லை. புள்ளி 141இல் முடிகிறது. உகரக் குறி 129இல் முடிகிறது. ஏ என்ற உயிரெழுத்து 143இல், ஐ என்ற உயிரெழுத்து 144இல். ஐந்து காலி இடங்களில் நான்கு, தமிழ் நெடுக வரும் இடங்கள். புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதிப் பாருங்கள். மாற்ற முடியாததை விட்டுவிட்டுத் தொடர் என்று ஐகான்விடம் சொல்ல ஒரு வழி உண்டு. சொல்லியிருந்தால் 18 வருட எழுத்தில் ஒரு புள்ளி மிஞ்சியிருக்காது.

தொல்காப்பியர் மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்று சொல்லிவைத்தார். அந்தப் புள்ளி ஒரு மேற்கத்திய அட்டவணையின் காலி நாற்காலியில் போய் விழும் என்று யார் நினைத்தார்கள்! சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “புள்ளி இல்லாம சுவடி படிச்சவங்கதான் நாங்க. ஆனா அது ஓலை கிழியக்கூடாதுன்னு. இது வேற” என்றார்.

வழி தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்தது. மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் தங்கள் லத்தீன்1இல் அந்த ஐந்து காலி இடங்களையும் தாங்களாகவே நிரப்பி வைத்திருக்கின்றன. எனவே கோப்பை அப்படியே, லத்தீன்1 என்று குறித்த தரவுப் பட்டியல்களுக்குள் ஏற்றினால், ஒரு சுற்று மாற்றம் தானாகவே பின்னோக்கிப் போய், பழைய சரியான பைட்டுகள் உள்ளே உட்கார்ந்துவிடும். அதன்பின் தரவுத்தளத்திடம், இது லத்தீன்1 இல்லை, யுடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். நேராகச் சொன்னால் அது மறுபடி எல்லாவற்றையும் மாற்றித் தொலைக்கும். அதனால் நடுவில் ஒரு படி: பட்டியலின் நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டுகள் என்று அறிவிப்பது, பிறகு யுடிஎஃப்-8 என்று அறிவிப்பது. மூட்டையைப் பிரிக்காமல் மேலே ஒட்டிய சீட்டை மட்டும் மாற்றுகிற வேலை. ஒரு நகலில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் அசலில் செய்தேன். முதல் பதிவின் தலைப்பு திரையில் வந்தது. ‘மரக்கால்’. இரண்டு புள்ளிகளும் இருந்த இடத்தில் இருந்தன.

அன்று நான் தூங்கவில்லை. ஒவ்வொரு பதிவாகத் திறந்து படித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் முகப்புப் பக்கம் தெரிகிறது, எந்தப் பதிவைச் சொடுக்கினாலும் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை. இது சாதாரணம், வேர்ட்பிரஸ்ஸை அப்பாச்சியில் நிறுவும் முக்கால்வாசிப் பேர் இதில் ஒரு மணி நேரம் தொலைப்பார்கள், அதனால் மட்டும் சொல்கிறேன். பதிவுகளின் அழகான முகவரிகள் உண்மையான கோப்புகள் இல்லை. அவற்றை வேர்ட்பிரஸ்ஸிடம் திருப்பிவிட ‘எச்டிஆக்சஸ்’ கோப்பில் விதி இருக்கும். உபுண்டுவில் அப்பாச்சி, அந்தக் கோப்பைப் படிக்கவே கூடாது என்ற அமைப்போடுதான் வருகிறது. முகவரிகளைத் திருப்பிவிடும் ரீரைட் மாட்யூலை இயக்கி, தளத்தின் கோப்புறைக்கு அந்தத் தடையை நீக்கி, அப்பாச்சியை மறுபடி தொடங்கினால் சரி.

முகவரி கிடைத்தது. ஆனால் பாதி முகவரிகள் நடுவில் அறுந்திருந்தன. ‘தஞ்சை மாவட்டத்தில் வழங்கிய நில அளவைகள்’ என்ற பதிவின் முகவரி ‘தஞ்சை-மாவட்டத்தில்-வழங்க’ என்று நின்றது. இது பழைய தளத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சித்தப்பா அதைத் தன் தட்டச்சுப் பிழை என்று நினைத்து வருடக்கணக்கில் வருந்தியிருக்கிறார். அவர் பிழை அதில் ஒன்றும் இல்லை. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடம் ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம். தமிழ் எழுத்தை இணைய முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக மாறும். மூன்று பைட் என்றால் ஒன்பது இடம். 200ஐ ஒன்பதால் வகுத்தால் 22. அந்த 22இல் புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. ‘தில்’ என்பது நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நான்கு, அதாவது 36 இடம். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியமே அடங்கும் இடத்தில் தமிழில் மூன்று சொல் அடங்குவதில்லை.

முகவரியை ஆங்கிலத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டேன். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். “மரக்கால இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூல நிரலில் கைவைத்து அளவைக் கூட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும். எனவே அறுந்த முகவரிகள் ஒவ்வொன்றையும் கையால் சுருக்கினோம். ‘தஞ்சை-நில-அளவை’. சித்தப்பா போனில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பழைய முகவரியில் வருகிறவர்களைப் புதியதற்கு வேர்ட்பிரஸ் தானே அனுப்பிவிடும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதில் போயின. பதிவுகளுக்கு அவர் வைத்த சுருக்கப் பெயர்கள் அத்தனையும் அசல் தலைப்பைவிட நன்றாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

படங்களில் இன்னொரு மர்மம். பெரும்பாலான படங்கள் வந்தன, சில வரவில்லை. மரக்கால் வந்தது, உழக்கு வந்தது, நாழி வந்தது. விதைக்கோட்டை வரவில்லை. கொட்டாங்குச்சி வரவில்லை. சர்வரில் போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேதான். வெகுநேரம் பட்டியலையே வெறித்துக்கொண்டிருந்தேன். வராதவை எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது!

கோ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாக. அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யுனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். லினக்ஸ் கோப்புப் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட் வரிசையாகத்தான் பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஜிப்பை நான் பிரித்தது என்னுடைய பழைய மேக் மடிக்கணினியில். அதன் கோப்பு முறை எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவில்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து சர்வருக்கு ஏற்றியபோது கோட்டை பிரிந்து போனது. பதிவுக்குள் இருந்த இணைப்பில் கோட்டை சேர்ந்தே இருந்தது. கான்வ்எம்வி என்ற சிறு நிரல் பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு ஒரே ஓட்டத்தில் மாற்றித் தந்தது. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி எதுவும் இதைச் சொல்லாது.

இடையில் ஒருநாள் விடியற்காலை தளம் விழுந்தது. தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒற்றை வரி. யாரோ, வெளி நிரல்கள் வேர்ட்பிரஸ்ஸோடு பேசுவதற்கான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வாசல் வழியாகக் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1 ஜிபி நினைவகம் நிரம்பியதும் லினக்ஸின் மையமான கெர்னல் இருப்பதில் பெரியதாக இருந்த மரியாடிபியை நிறுத்திவிட்டது. அந்த வாசலை அடைத்தேன், நினைவகம் போதாதபோது வட்டில் இடம் தரும் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று போட்டேன். பிறகு விழவில்லை. தளத்தோடு நடக்கும் பேச்சை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்க லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழும் போட்டாயிற்று. 90 நாள் சான்றிதழ், சர்ட்பாட் என்ற நிரல் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

இப்போது முந்திரிக்கு வருகிறேன்.

பழைய கணக்கில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதில் இரண்டு அரைக்காணி, நான்கு காணி, இருபது மாகாணி. இந்தப் பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. சுவடிகளிலும் கணக்கேடுகளிலும் வரும். சித்தப்பாவின் ஆசை முழுவதும் அந்தக் குறிகளில்தான். இத்தனை வருடமும் அவற்றைத் தாளில் வரைந்து, படம் பிடித்து, பதிவின் நடுவில் ஒட்டி வந்தார். எழுத்தாகத் தட்ட வழி இல்லை. 2019 மார்ச்சில் வந்த யுனிகோட் 12.0 அந்தக் குறைக்கு முடிவு கட்டியது. தமிழ்ப் பின்னங்கள், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, பணம், பொன், வராகன், குழி, வேலி என்று 51 குறிகளைத் தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற பகுதியில் சேர்த்தார்கள். புதிய தளத்தில் இனிப் படம் வேண்டாம், எழுத்தாகவே போடலாம் என்று சொன்னேன். முந்திரிக் குறியை அவருக்கு அனுப்பி வைத்தேன், நகலெடுத்து ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

“ஏறலையே தம்பி. புதுப்பிக்க முடியலன்னு வருது.”

நானும் முயன்றேன், ஏறவில்லை. குறியை நீக்கினால் பதிவு சேமிக்கிறது. குறியைச் சேர்த்தால் மறுக்கிறது. ஒரு சிரிப்பு எமோஜியைப் போட்டுப் பார்த்தேன், அது ஏறியது! எமோஜி ஏறுகிறது, முந்நூற்று இருபதில் ஒன்று ஏறவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

காரணம் என் கையில்தான் இருந்தது. தரவுப் பட்டியல்களை யுடிஎஃப்-8 என்று அறிவித்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அங்கே பழக்கத்தில் ‘யுடிஎஃப்8’ என்றே கொடுத்திருந்தேன். மைஎஸ்கியூஎல் குடும்பத்தில் அந்தப் பெயருக்கு மூன்று பைட் வரைதான் இடம். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் மூன்று பைட்டில் அடங்கிவிடும், அதனால் ஒரு குறையும் தெரியாது. பிற்சேர்க்கைக் குறிகள் யுனிகோடின் மேல்தளத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். எமோஜிகளுக்கும் நான்குதான். ஆனால் வேர்ட்பிரஸ் எமோஜிகளை அடையாளம் கண்டு வேறு வடிவத்தில் எழுதிச் சேமிக்கக் கற்றுவைத்திருக்கிறது. முந்திரியை அதற்குத் தெரியாது. நான்கு பைட்டுக்கும் இடம் தரும் எழுத்து அட்டவணையின் பெயர் ‘யுடிஎஃப்8எம்பி4’. வேர்ட்பிரஸ் 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே, புதிதாக நிறுவினால் அதைத்தான் பயன்படுத்துகிறது. கையால் மாற்றியதால் நான்தான் அதைத் தவறவிட்டேன். ஒவ்வொரு தரவுப் பட்டியலையும் அதற்கு மாற்றினேன். அரை மணி நேர வேலை.

முந்திரி ஏறியது. என் கணினியில் தெரிந்தது. சித்தப்பாவின் போனில் ஒரு வெற்றுக் கட்டம்.

எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரைந்து காட்ட அந்தப் போனில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ குடும்பத்தில் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்று இந்தக் குறிகளுக்காகவே ஓர் எழுத்துரு இருக்கிறது. அதை இறக்கி நம் சர்வரிலேயே வைத்து, பக்கத்தோடு சேர்ந்து போகும்படி தீமில் இரண்டு வரி எழுதினேன். பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“தெரியுது” என்றார். அப்புறம், “எங்க தாத்தா கையெழுத்துல பாத்தது” என்றார்.

பேக்கப்பை அதற்குப் பிறகுதான் அமைத்தேன், அதுவும் நல்லதாயிற்று. தரவுத்தளத்தை இறக்கும் கட்டளையும் எந்த எழுத்து அட்டவணையில் இறக்க வேண்டும் என்று ஒன்றை வைத்திருக்கும். பழைய பதிப்புகளில் அது மூன்று பைட் அட்டவணை. அதில் இறக்கினால் நான்கு பைட் குறிகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், பிழை எதுவும் வராது. கோப்பு ஒவ்வொரு இரவும் ஒழுங்காக உருவாகும், திறந்து பார்க்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கு ஒருமுறை நடந்ததே இன்னொருமுறை நடக்க வேண்டாம் என்று, அட்டவணையின் பெயரைக் கட்டளையிலேயே எழுதினேன். இரவு இரண்டு மணிக்கு இறக்கி, வேறு ஊரில் இருக்கும் இன்னொரு சர்வருக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை ஒரு வெற்றுக் கணினியில் ஏற்றி, முந்திரிப் பதிவைத் திறந்து பார்க்கிறேன். குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மற்றது எல்லாம் இருக்கும்.

போன வாரம் சித்தப்பா கீழ்முந்திரி பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார். முந்திரியை மறுபடி 320ஆகப் பங்கிட்டால் வருவது, 1,02,400இல் ஒரு பங்கு. அத்தனை நுணுக்கமாக எதைப் பங்கிட்டார்கள் என்பதுதான் கட்டுரை. “இதுக்கு எழுத்து இருக்கா பாரு” என்றார். யுனிகோட் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அந்த 51இல் ‘கீழ்’ என்ற குறியும் இருக்கிறது. அனுப்பினேன். கீழ், பக்கத்தில் முந்திரி. ஒட்டிவிட்டுச் சேமி பொத்தானை அழுத்தினார், நான் இந்தப் பக்கம் சர்வரின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 200 என்று ஒரு வரி வந்தது, சர்வரின் மொழியில் ‘சரி’ என்று பொருள். ஏறிவிட்டது.